பட்டம் உண்டு, பத்தாம் வகுப்பு இல்லை: ‘டைரக்ட் டிகிரி’ படித்த இருவர் குறித்த நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் ‘டைரக்ட் டிகிரி’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் பிளஸ் 2 பக்கமே போகாதவர்களும் திறந்தவெளிப் பல்கலைக்கழக முறையில் நேராகச் சேர்ந்து வாங்கிய பி.ஏ., எம்.ஏ. பட்டங்களுக்கு மக்கள் வைத்த பெயர் அது. 2000களின் தொடக்கத்தில் தட்டச்சுப் பயிலகங்களின் வாசலிலும் பஸ் நிலையச் சுவர்களிலும் இந்தப் படிப்புக்கான விளம்பரங்கள் நிறைந்திருந்தன. பள்ளிச் சான்றிதழ் வேண்டாம், வயது போதும் என்றன அவை. நம்பிச் சேர்ந்தவர்கள் படித்தார்கள், தேர்வு எழுதினார்கள், பட்டமும் பெற்றார்கள். பிறகு 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணையும் வந்தது. பட்டத்துக்கு முந்தைய படிகள் இல்லையென்றால் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அந்தப் பட்டம் செல்லாது என்றாகிவிட்டது.

தொலைநிலைக் கல்வியில் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகள் எடுத்தவன் நான். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த இருவரின் அனுபவத்தை முன்வைத்தே இந்த ஆய்வை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எதையும் இங்கே தரவில்லை. அவர்கள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரும் இதில் வராது. அந்த நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதே வழியில்தான் சேர்க்கை நடத்தின.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தைத் திறந்துவிட்டது சரியான செயல். முதல் பட்டம் இல்லாமல் பெற்ற நேரடி எம்.ஏ. செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விதிப்படி சேர்ந்து மூன்றாண்டுகள் படித்த இளநிலைப் பட்டதாரிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தியது அநீதி. சேரும்போது யாரும் அவர்களை எச்சரிக்காமல் விட்டது அதைவிடப் பெரிய அநீதி.

வாசல் திறந்த வரலாறு

இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வியை 1962இல் டெல்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அதே பாதையில் இறங்கின. இவற்றில் சேர பி.ஏ. என்றால் புகுமுக வகுப்போ பிளஸ் 2வோ, எம்.ஏ. என்றால் ஒரு பட்டமோ வேண்டும். வழக்கமான கல்லூரிப் படிப்புதான் தபாலில் வந்தது. 1982இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தபோதும், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ அமைந்தபோதும்தான் ‘முன் தகுதி இல்லாதவரும் வரலாம்’ என்ற எண்ணம் நம் நாட்டில் சட்ட வடிவம் பெற்றது.

2009 தீர்ப்புக்குக் காரணமான வழக்கின் உயிர்நாடியாகிய விதியும் அதே 1985ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். தொலைநிலையில் முதல் பட்டம் வழங்குவதற்கான குறைந்தபட்சத் தரம் பற்றி பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஆண்டு விதிமுறைகளை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவரே பட்டப் படிப்பில் சேரலாம் என்று அது முதலில் சொன்னது. அடுத்த வரியிலேயே ஒரு விலக்கையும் தந்தது. முந்தைய கல்விப் பதிவு எதுவும் இல்லாதவர், சேரும் ஆண்டின் ஜூலை 1 அன்று 21 வயது நிறைந்திருந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி முடிக்காதவர் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர்ந்தது குறுக்கு வழி அல்ல, விதியே வகுத்துக் கொடுத்த வழி.

அந்த விதி பேசியது முதல் பட்டத்தைப் பற்றி மட்டும்தான். பட்டமே இல்லாதவரை நேராக எம்.ஏ. வகுப்பில் சேர்க்க அதில் இடம் இல்லை. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் அதையும் செய்தன. பின்னால் எழுந்த சிக்கல் அத்தனைக்கும் தொடக்கம் அங்கேதான்.

முதலாமவர்: அலுவலக உதவியாளர்

தென்மாவட்டம் ஒன்றில் அரசு அலுவலகம் ஒன்றின் இரவுக் காவலர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தந்தை பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் 1990இல் அந்த வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் அலுவலக உதவியாளர் ஆனார். கோப்புகளை மேசைக்கு மேசை கொண்டுபோய் வைப்பது, தபால் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவது, அதிகாரி வரும்போது கதவைத் திறந்து நிற்பது என்று நாட்கள் போயின. பதிவறையில் கிடக்கும் பழைய கோப்புகளை எடுத்துப் படிப்பது அவருடைய பழக்கம். ஜமாபந்தி, அடங்கல், கிஸ்தி என்று நிலவரிக் கணக்குகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் வரலாறு படித்த எங்களுக்கே புதிய செய்திகள் கிடைக்கும்.

1999இல் நுழைவுத் தேர்வு எழுதி பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தார். நேர்முக வகுப்பு நடந்த கல்லூரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு ஆண்டையும் சிவப்பு மையில் குறித்துக்கொள்வார். பல்கலைக்கழகம் அனுப்பிய பாடப் புத்தகங்களுக்குக் காக்கி அட்டை போட்டு, ஓரத்தில் பாடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார். மூன்று ஆண்டுகளில் அரியர் இல்லாமல் தேறினார். பிறகு இரண்டு ஆண்டுகளில் எம்.ஏ.யும் முடித்தார். அவருடைய எம்.ஏ. நேரடிப் பட்டம் அல்ல, பி.ஏ.வுக்குப் பின் முறையாகப் படித்தது. ஆனாலும் அடியில் பத்தாம் வகுப்பு இல்லை.

2011இல் இளநிலை உதவியாளர் பதவிக்கான பட்டியல் தயாரானபோது அவர் பெயர் அதில் இருந்தது. பணிமாறுதல் மூலம் அந்தப் பதவிக்குச் செல்லக் குறைந்தபட்சப் பொதுக் கல்வித் தகுதி எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி. “எம்.ஏ. இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்” என்று எல்லாரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார். பணிப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 107, நாள் 18.08.2009 என்ற குறிப்போடு அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அந்த அரசாணையின் சாரம் எளிது. பத்தாம் வகுப்பும் மேல்நிலைக் கல்வியும் முடித்த பிறகு திறந்தவெளிப் பல்கலைக்கழகங்களில் பெற்ற பட்டயம், பட்டம், முதுநிலைப் பட்டம் ஆகியவைதான் அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும். படி தாண்டி வந்தவை ஏற்கப்படமாட்டா. 1999இல் அவர் சேர்ந்தபோது இந்த ஆணை இல்லை. 2004இல் எம்.ஏ. முடித்தபோதும் இல்லை.

அவர் வழக்குக்குப் போகவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுத விண்ணப்பித்தார். முதல் முறை எழுதும் தனித்தேர்வர் ஐந்து பாடங்களையும் எழுத வேண்டும். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கும் போயாக வேண்டும். ஓர் அரசுப் பள்ளியின் ஆய்வகத்தில், பள்ளிப் பிள்ளைகள் போன பிறகு, அவரும் வேறு சில தனித்தேர்வர்களும் நின்று லிட்மஸ் தாளை அமிலத்தில் தோய்த்து நிறம் பார்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 44. அவருடைய மகளும் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. இரவில் மகள் அப்பாவுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள், அப்பா மகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித் தருவார். “இயற்கணிதம்தான் சார் பயமுறுத்துகிறது, மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியில் சொன்னார். கணக்கில் தேர்ச்சி மதிப்பெண்ணை ஒட்டி வாங்கித் தேறினார். சமூக அறிவியலில் நல்ல மதிப்பெண்.

அடுத்த பட்டியலில் பதவி உயர்வு வந்தது. பவானிசாகர் பயிற்சி நிலையத்தில், தேர்வாணையம் வழியாக வந்த இளைஞர்களோடு அடிப்படைப் பயிற்சியும் முடித்தார். அவருடைய பி.ஏ., எம்.ஏ. இரண்டும் அந்தப் பதவி உயர்வில் ஒரு துளியும் கணக்கில் வரவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே வேலை செய்தது. இடையில் போன இரண்டு ஆண்டுகளில் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் பணிமூப்பில் முன்னால் போய்விட்டார்கள். அது இன்றுவரை சரியாகவில்லை.

2009இல் நடந்தது என்ன

தீர்ப்புக்குக் காரணமான வழக்கு சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி பற்றியது. அப்பதவிக்கு நியமிக்கப்பட்டவர் இளநிலைப் பட்டம் இல்லாமலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி முறையில் எம்.ஏ. பெற்றிருந்தார். அதை எதிர்த்து இன்னொருவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்ற பிறகு பல்கலைக்கழகமே மேல்முறையீடு செய்தது. இக்னோ சட்டத்தின் கீழ் அமைந்த தொலைநிலைக் கல்விக் குழுவின் ஒப்புதல் போதும், மானியக் குழுவின் 1985 விதிமுறைகள் திறந்தவெளி முறையைக் கட்டுப்படுத்தாது என்பது பல்கலைக்கழகத்தின் பக்கம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உயர்கல்வியின் தரத்தை வரையறுக்கும் பொறுப்பு மானியக் குழுவுடையது, அதன் விதிமுறைகள் வகுப்பறைக் கல்விக்கும் தொலைநிலைக் கல்விக்கும் ஒன்றுபோலப் பொருந்தும், முதல் பட்டம் என்ற அடிப்படைத் தகுதியைத் தளர்த்த முடியாது, பிறகு தரும் ஒப்புதலால் அந்தக் குறையை நிவர்த்திக்கவும் முடியாது என்று தீர்ப்பளித்தது.

இதில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. நேரடி எம்.ஏ.வின் உள்விவரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பத்தி பிரித்து எழுதத் தெரியாதவர்கள் முதுநிலைத் தேர்வுத் தாள்களில் கைடு புத்தகங்களின் பக்கங்களை அப்படியே இறக்கிவைத்தார்கள். அந்தத் தாள்களும் தேர்ச்சி பெற்றன. உண்மையாகப் படித்தவர்களின் பட்டத்துக்கும் அது கெட்ட பெயரைத் தேடித் தந்தது.

ஆனால் அதே தீர்ப்பு மேற்கோள் காட்டிய 1985 விதிமுறைகளில்தான் 21 வயதுக்கான நுழைவுத் தேர்வு விலக்கும் இருக்கிறது. விதிமுறைகள் கட்டாயம் என்றால் அந்த விலக்கும் அவற்றின் பகுதிதானே? தீர்ப்பின் மையம் ‘பட்டம் இல்லாமல் முதுநிலை கூடாது’ என்பது. அரசாணையோ ‘பள்ளிப் படி இல்லாமல் எந்தப் பட்டமும் கூடாது’ என்று இன்னும் பல அடி முன்னே போனது. வேலைக்கு எந்தத் தகுதி வேண்டும் என்று முடிவு செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் மேலும் ஏற்றியதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் சேர்ந்தவர்களைக் காப்பாற்றியிருக்கலாம். பின்னர் 2016இல் வந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்திலும் இந்த வரிசை முறை இடம்பெற்றது. தேர்வாணைய அறிவிக்கைகளிலும் பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பிறகு பட்டம் என்ற ஒழுங்கில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பார்க்கலாம்.

இங்கே எங்கள் மாணவர்களைத் தொடர்ந்து குழப்பும் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். தொலைநிலையில் பெற்ற பட்டமும் கல்லூரியில் பெற்ற பட்டமும் சமம் என்று மானியக் குழு பல முறை அறிவித்திருக்கிறது. 2020 விதிமுறைகளை எடுத்துக்காட்டி 2022இலும் சொன்னது. செய்தித்தாளில் இது வரும்போதெல்லாம் பழைய மாணவர்கள் என்னை அழைத்து, “சார், நம் பட்டம் செல்லும் என்று போட்டிருக்கிறார்களே” என்று கேட்பார்கள். அந்த அறிவிப்பு எப்படிப் படித்தார் என்ற கேள்விக்கு மட்டுமே பதில் தருகிறது. எந்த வரிசையில் படித்தார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி தீர்ந்துவிட்டது, இரண்டாவது தீரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத ஒவ்வொரு விளம்பரமும் யாரோ ஒருவரின் மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாமவர்: பி.எட். படிக்க விரும்பியவர்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பெண். 1997இல் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவர். பிளஸ் 2 படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. அடுத்த ஆண்டுகளில் திருமணம், குழந்தை. தமிழ் ஆசிரியை ஆக வேண்டும் என்பது பள்ளி நாளிலேயே பிடித்துக்கொண்ட ஆசை. 2004இல் நுழைவுத் தேர்வு எழுதி பி.ஏ. தமிழில் சேர்ந்தார். அலுவலக உதவியாளர் படித்ததைவிட அவர் படித்த சூழல் கடினமானது. ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு, சமையல், குழந்தை, அதன் பிறகு புத்தகம். நேர்முக வகுப்புக்குக் குழந்தையையும் அழைத்து வருவார். வகுப்பு நடக்கும்போது பின் பெஞ்சில் குழந்தை தூங்கும். நன்னூல் சூத்திரங்களை இருக்கையில் உட்கார்ந்தபடி ஒப்பிக்கும் அவரைப் பார்த்து மற்ற மாணவர்கள் வியப்பார்கள். இரண்டாம் வகுப்பில் தேறினார்.

பி.எட். விண்ணப்பத்தோடு வரும் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. பழைய முறைப் பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பிளஸ் 2 தேர்ச்சி பெறாமல் திறந்தவெளி முறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் சேரத் தகுதியற்றவர்கள். விண்ணப்பத்தைக் கொடுக்கப் போன இடத்தில்தான் அவருக்கு இது தெரிந்தது. சட்டப் படிப்புக்கும் இதே நிலைதான். இந்திய வழக்கறிஞர் குழுவின் 2008 சட்டக் கல்வி விதிகள், அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தவெளி முறையில் பட்டம் பெற்றவர்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆக பட்டம் பெற்ற ஒருவர் அடுத்து இயல்பாக நினைக்கும் மூன்று இடங்கள், அதாவது அரசு வேலை, ஆசிரியர் பயிற்சி, வழக்கறிஞர் தொழில் மூன்றும் அவருக்கு அடைபட்டுவிட்டன.

“பிளஸ் 2 எழுதிவிட்டால் சரியாகிவிடுமா சார்?” என்று கேட்டார். அங்கேதான் முதலாமவர் நிலைக்கும் இவர் நிலைக்கும் வேறுபாடு. அலுவலக உதவியாளருக்குத் தேவைப்பட்டது பத்தாம் வகுப்பு மட்டும், அதைப் பின்னால் எழுதியும் பயன் கிடைத்தது. இவருக்குப் பட்டம் பயன்பட வேண்டும், ஆகவே பட்டத்துக்கு முன்னால் பிளஸ் 2 இருக்க வேண்டும். 2007இல் வாங்கிய பட்டத்துக்கு 2011இல் எழுதிய பிளஸ் 2 எப்படி முன்னால் வரும்? இந்த வரிசைச் சிக்கலோடு நீதிமன்றப் படியேறியவர்கள் பலர். அவருக்கு அந்த வசதி இல்லை.

பிளஸ் 2 எழுதித் தேறினார். பிறகு மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து பி.லிட். தமிழ் படித்தார். அதே நன்னூல், அதே தண்டியலங்காரம், அதே இலக்கிய வரலாறு. முதல் முறை எழுதிய குறிப்பேடுகளை வைத்தே இரண்டாம் முறையும் படித்ததாகச் சொன்னார். 2015இல் முடித்தார். அந்தக் கல்வியாண்டிலிருந்து பி.எட். படிப்பும் ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாக நீண்டுவிட்டது. இடையில் 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்துவிட்டது. 2009இல் சேர்ந்திருந்தால் 2010இல் முடிந்திருக்க வேண்டிய பயிற்சி 2017இல் முடிந்தது. இன்று ஒரு தனியார் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறார்.

அவருடைய முதல் பட்டத்தில் என்ன குறை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டாம் முறை அவர் புதிதாகக் கற்றது எதுவும் இல்லை. சான்றிதழ்களில் உள்ள தேதிகளை வரிசைப்படுத்தவே நான்கு ஆண்டுகள் போயின.

திறந்த வாசல் வேறு இடத்தில் எப்படி நின்றது

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1969இல் அரச சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். எந்த முன் தகுதியும் கேட்கவில்லை. கட்டுமானத் தொழிலாளியும் சேரலாம், இல்லத்தரசியும் சேரலாம். அதைத் தொடங்க அரசியல் தளத்தில் போராடிய ஜென்னி லீ ஒரு செய்தியில் விட்டுக்கொடுக்கவே இல்லை. நுழைவில் சலுகை தரலாம், பட்டத்தின் தரத்தில் சலுகை கூடாது என்றார். அதனால் கேள்வி மாறியது. உள்ளே வருபவரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வெளியே போகிறவருக்கு என்ன தெரியும் என்று பார்த்தார்கள், வெளித்தேர்வாளர்களை வைத்துச் சோதித்தார்கள்.

அதற்குப் பெரும் உழைப்பு தேவைப்பட்டது. அறிவியல் மாணவர்களுக்கு வீட்டிலேயே சோதனை செய்யக் கருவிப் பெட்டி தபாலில் போனது, அதில் கைக்கு அடக்கமான நுண்ணோக்கியும் இருந்தது. பி.பி.சி. வானொலியும் தொலைக்காட்சியும் பாடம் நடத்தின. கோடைப் பள்ளியில் ஒரு வாரம் தங்கிப் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் எழுதி அனுப்பும் ஒவ்வொரு ஒப்படைப்பையும் ஓர் ஆசிரியர் படித்து, எங்கே வாதம் தளர்கிறது, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று ஓரத்திலும் தனித் தாளிலும் எழுதித் திருப்பி அனுப்பினார். பள்ளி முடிக்காதவரைப் பட்டதாரி ஆக்கியது அந்த எழுத்துதான்.

நம் ஊரில் நேர்முக வகுப்பு என்பது ஆண்டுக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகள். ஒரே கூடத்தில் முந்நூறு பேர், ஒலிபெருக்கியில் ஒரு குரல். ஒப்படைப்புகள் கட்டுக்கட்டாக வரும், மதிப்பெண் மட்டும் போடப்படும், ஒரு வரி குறிப்புகூட எழுத நேரம் தரப்படாது. திருத்துவதற்குத் தரும் தொகை அப்படிப்பட்டது. நுழைவுத் தேர்வும் பெயருக்குத்தான் நடந்தது. இப்படி நடத்தியதால்தான், ‘இந்தப் பட்டம் பெற்றவருக்கு என்ன தெரியும்’ என்று அரசு சந்தேகப்பட்டபோது பல்கலைக்கழகங்களால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. படிகளை எண்ணுவது தவிர அரசுக்கு வேறு அளவுகோல் இல்லாமல் போனது. அந்த அளவுகோலும் வயதானதுதான். 10+2+3 என்ற வரிசை கோத்தாரி குழு பரிந்துரைத்து 1968 தேசியக் கல்விக் கொள்கையில் வந்தது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978இல் தொடங்கின. பதின்வயதில் நேராகப் பள்ளி முடித்துக் கல்லூரி போகும் பிள்ளைக்காக வகுத்த ஏற்பாடு அது. முப்பது வயதில் ஷிப்ட் முடிந்து படிக்க வரும் பெண்ணை மனத்தில் வைத்து வகுத்தது அல்ல.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. உயர்தரத் தேர்வில் தேறாதவர்களுக்கு அது தானே அடித்தளப் படிப்புகளை நடத்தி, அவற்றில் தேறியவர்களைப் பட்டப் படிப்புக்கு ஏற்றுகிறது. இக்னோவும் பிளஸ் 2 இல்லாதவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் படிப்பை நடத்தியது. எண்ணம் நல்லது. ஆனால் அந்த ஆயத்தப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மட்டுமே உதவியது. வெளியே அதை மேல்நிலைத் தேர்ச்சிக்குச் சமமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி

2009 ஆகஸ்டுக்கு முன் விதிப்படி நுழைவுத் தேர்வு எழுதி இளநிலையில் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் படித்துத் தேறியவர்களுக்கு ஒருமுறை விலக்கு அளிக்க அரசு இப்போதும் முன்வரலாம். அவர்களில் பலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்கள், அரசுக்கு இதனால் பெரிய சுமை வராது. நேரடி எம்.ஏ. மட்டும் வைத்திருப்பவர்களை இதில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று, சேர்க்கைப் படிவத்தில் தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பக்கம் வேண்டும். பத்தாம் வகுப்போ பிளஸ் 2வோ இல்லாமல் சேர்ந்தால் எந்தெந்த வேலைக்கும் படிப்புக்கும் இந்தப் பட்டம் உதவாது என்று அதில் பட்டியலிட்டு, படித்துப் புரிந்துகொண்டதாகக் கையொப்பம் வாங்க வேண்டும். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் மானியக் குழுவின் தளத்தில் ‘டெப்’ (தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண் பெற வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை உருவாக்கும் திரையிலேயே இந்த எச்சரிக்கை வரலாம். என் இரு மாணவர்களும் இதைத் தெரிந்துகொண்டே படித்திருந்தால் ஒரு சொல் குறை சொல்ல மாட்டார்கள். முதலாமவர் எப்படியும் வரலாறு படித்திருப்பார், அது வேறு ஆசை. இரண்டாமவர் முதலில் பிளஸ் 2 எழுதியிருப்பார், ஏழு ஆண்டுகள் முன்னதாக வகுப்பறைக்குப் போயிருப்பார்.

கற்றல் மையங்களிலேயே தனித்தேர்வர்களுக்கான பத்தாம் வகுப்பு, மேல்நிலைப் பயிற்சியும் நடத்தலாம். கட்டடம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிற மாணவர்களும் இருக்கிறார்கள். திருநர்களுக்கும் சிறைவாசிகளுக்கும் இக்னோ கட்டண விலக்குத் தருகிறது. அதே அக்கறை பள்ளித் தேர்வுப் பயிற்சிக்கும் நீண்டால், அவர்கள் பெறும் பட்டம் வெளியே வந்த பிறகும் உதவும்.

இதைப் படிப்பவர்களில் யாரேனும் பள்ளியை முடிக்காமல் இப்போது பட்டப் படிப்பில் சேர நினைத்தால் நான் சொல்வது இதுதான். முதலில் பத்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் தனித்தேர்வராக எழுதலாம், அதுவும் இல்லையென்றால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்விலிருந்து தொடங்கலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் விண்ணப்பத் தேதிகளைச் செய்தித்தாள்களில் அறிவிக்கும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான். அடுத்து மேல்நிலை. அதன் பிறகு பட்டம். சேரும் பல்கலைக்கழகத்துக்கும், குறிப்பாக நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடத்துக்கும், அந்தக் கல்வியாண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் பழையது, பெயர் பெற்றது என்பது போதாது. ஒவ்வொரு சான்றிதழிலும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று வாங்கிய அன்றே பாருங்கள்.